ஒன்றரை அடி புளியாரை

கீரை இல்லை சார் இது. காரை நிறுத்துகிற எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். இது புளியாரை. களை. அந்த ஓரமாகவே உட்காருங்கள், இந்தப் பக்கம் மிதிக்க வேண்டாம். உங்கள் செருப்பில் ஒரு குமிழ் ஒட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள்.

டிரைவர் டயரைத் தூக்கிக்கொண்டு பூம்பாறைக்கா போயிருக்கிறார்? அப்படியானால் இரண்டு மணி நேரம். பஞ்சர் போடுகிறவன் கடையில் இருந்தால் இரண்டு மணி நேரம். உட்காருங்கள். எனக்கும் பேச ஆள் இல்லை. ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், நான்தான் பேசுவதில்லை.

இந்தச் செடியைப் பாருங்கள். மூன்று இலை, ஊதாப் பூ. போட்டோ எடுக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது. இந்தச் சின்னக் கைக்கொத்தால் இப்படி அடியோடு கெல்லி எடுத்தால், பார்த்தீர்களா, நடுவில் ஒரு தாய்க்குமிழ், சுற்றிலும் மிளகு மிளகாகக் குட்டிகள். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். குட்டிகள் மண்ணுக்குள் தங்கிவிடும். அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாக வரும்.

மேலே இருக்கிற தோட்டம் பொன்னுக்காளையுடையது. என் சித்தப்பா மகன். என்னைவிட எட்டு வயது இளையவன். கீழே இருக்கிற இது என்னுடையது. இரண்டிலும் உருளைக்கிழங்குதான். நடுவில் நான் குந்தியிருக்கிறேனே, இதுதான் வரப்பு இருந்த இடம். முழங்கால் உயரத்துக்கு இருந்தது. பன்னிரண்டு வருசம் அதை நான் காப்பாற்றினேன்.

ஏன் என்று கேளுங்கள். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் நடுகிறதற்காகப் பார் பிடித்துக்கொண்டிருந்தேன். கிழங்கு நடுகிற நீள மேட்டைப் பார் என்போம். எப்போதும் பதினெட்டுப் பார் வருகிற இடத்தில் பதினேழுதான் வந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன். பதினேழுதான். மேலே பார்த்தால் வரப்பு என் பக்கம் நகர்ந்து நிற்கிறது. ஒன்றரை அடி. எல்லைக்கல்லைக் காணோம். பொன்னுக்காளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மழைல மண்ணு சரிஞ்சிருக்கும்ணே" என்றான். மழைக்கு என் நிலம்தான் தெரிந்ததா? அன்றைக்கு விட்ட பேச்சு.

மனுக் கொடுத்தேன். சர்வேயர் ஒருத்தர் வந்தார். அன்றைக்கென்று நல்ல மழை. குடையை விட்டு வெளியே வரவே இல்லை. "கல்லு கெடைக்கணும் பெரியவரே. நான் திரும்ப வர்ற வரைக்கும் வரப்பை யாரும் தொட வேணாம்" என்றார். நான் மூன்றாம் வகுப்புத்தான். ஆனால் ஆபீசர் சொன்ன வார்த்தையை வார்த்தையாக எடுத்துக்கொள்கிறவன். அன்றிலிருந்து அந்த வரப்பில் ஒரு மம்பட்டி பட்டதில்லை. ஆடு ஏற விட்டதில்லை. புல்லைக்கூட அறுக்க விட்டதில்லை. சாட்சி சார் அது. சர்வேயர் வந்தால் காட்ட வேண்டாமா?

அவர் வரவில்லை. அதை விடுங்கள்.

அந்த வருசத்துக்குப் பிறகு என் தோட்டத்தில் புளியாரை ஏறிப்போயிற்று. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. மேல்பக்கப் பாரிலிருந்துதான் தொடங்கும், அப்படியே கீழே இறங்கும். பொன்னுக்காளை எனக்கென்றே விதைத்துவிடுகிறான் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மருந்து அடித்தேன். சும்மா இல்லை. நட்டதும் ஒரு தடவை, முளைத்ததும் ஒரு தடவை, மண் அணைத்த பிறகு ஒரு தடவை. மருந்து பட்டால் இலை கருகும். பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும். இருபது நாள் கழித்துப் பார்த்தால் முன்னைவிடப் பச்சையாக நிற்கும். போன வருசம் ஒரு முடிவோடு இறங்கினேன். ஒரு டேங்குத் தண்ணீருக்கு ஒரு மூடி என்று கடைக்காரன் சொன்னான். நான் மூன்று மூடி ஊற்றினேன். அப்போது கிழங்குச் செடி நாலு இலை விட்டிருந்தது. அதற்கு மேலேயே அடித்தேன். செடி எல்லாம் வெளுத்து, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தோண்டினால் நெல்லிக்காய் அளவில் கிழங்கு. கலப்பட மருந்து. கடையில் போய்ச் சண்டை போட்டால், "எத்தனை மூடி ஊத்துனீங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறான். விற்றவனுக்கு அந்த விசாரணை எதற்கு?

விதைக்குக்கூடக் கிழங்கு மிஞ்சவில்லை சார். இந்த வருசத்து விதையை என் பெண்டாட்டி குருவம்மாள் அவள் அண்ணன் வீட்டிலிருந்து தலையில் சுமந்து வந்தாள். நான்கு நடை. "இதுவும் போச்சுன்னா எங்கண்ணன் வாசல்ல நான் திரும்ப நிக்க மாட்டேன். நடுறதுக்கு நமக்கு வேற வழியும் கெடையாது" என்றாள். மூட்டையை இறக்கும்போது சொன்னாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்ல மாட்டாள், அது அவள் குணம்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒரு பொண்ணு வந்தது. ஸ்கூட்டியில் வரும். இத்தனை மருந்து வேண்டாம், ஓடையில்தான் எல்லாம் இறங்குகிறது, ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்று ஆரம்பித்தது. நட்ட பிறகு, முளை வெளியே வருவதற்கு முன்னால், பாரின் தலையில் மட்டும் ஒரே தடவை மருந்து. பாருக்கும் பாருக்கும் நடுவில் மருந்தே வேண்டாம், அங்கே கொத்து. இருபது நாளில் ஒரு கொத்து. அப்புறம் ஒன்று. நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைப்பு. அதற்குள் செடி இலை விரித்து மூடிக்கொள்ளும், அடியில் இருக்கிற களைக்கு வெயில் கிடைக்காது. அடித்த மருந்தில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்றது. நான் அறுபது வருசமாகக் கிழங்கு போடுகிறேன். எனக்குக் களையெடுக்கச் சொல்லித்தர ஸ்கூட்டி வருகிறது.

பொம்பளைகள் எல்லோரும் அந்தப் பொண்ணு பக்கம் போய்விட்டார்கள். மாத்தாள் போட்டுக்கொண்டார்கள். மாத்தாள் என்றால், வீட்டுக்கு ஒருத்தி என்று சேர்ந்து இன்றைக்கு என் தோட்டம், நாளைக்கு உன் தோட்டம் என்று போவது. கூலி கிடையாது. பத்துப் பேர். மலை உச்சியில் இருக்கிற தோட்டத்தில் ஆரம்பித்துக் கீழே கீழே வருவார்கள். மேலே களையை வைத்துக்கொண்டு கீழே எடுத்தால், மழை கொண்டுவந்து மறுபடி போட்டுவிடும் அல்லவா, அதற்காக. குருவம்மாள் முதல் நாளே கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பொன்னுக்காளை பெண்டாட்டி மயிலாத்தாளும் அதில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துவிட்டேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

நட்டு இருபத்திரண்டாம் நாள் என் முறை வந்தது. ஆபீஸ் பொண்ணும் கூட வந்தது. என் தோட்டத்தில் ஒரு புளியாரையைக் கெல்லிக் குமிழைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து வரப்பைப் பார்த்தது. வரப்பு முழுக்க ஊதாவாகப் பூத்து நின்றது.

"இது யாரோட வரப்பும்மா?"

மயிலாத்தாள்தான் வாயைத் திறந்தாள். "அது தாலுகா ஆபீஸ் வரப்பும்மா. நாங்க அதைப் பாத்துக் கொட்டாவி கூட விட மாட்டோம்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். குருவம்மாளும் முந்தானையால் வாயை மூடினாள்.

அந்தப் பொண்ணு என்னிடம் வந்தது. "ஐயா, உங்க தோட்டத்துக்கு இங்கருந்துதான் எறங்குது. இந்த வரப்பை ஒரு மம்பட்டி ஆழம் கெல்லிக் குமிழை எல்லாம் பொறுக்கி, பாறையில காயப்போட்டுக் கொளுத்தணும். இல்லாட்டி இவங்க உங்க தோட்டத்துல பண்ற வேலை அத்தனையும் வீண்."

"வரப்புல கை வைக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்யா?"

"சர்வேயர் வரணும்."

"எப்ப வர்றாரு?"

அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசோ அத்தனை வருசம் நான் ஆபீஸ்களில் காத்து நின்றிருப்பேன் சார். வருவார் என்றேன். உச்சித்தோட்டத்துப் பேச்சி கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வரப்பை விட்டுட்டு எடுக்குறதுன்னா நாங்க வரலை மாமா. எங்களுக்கும் முதுகு இருக்கு." ஒருத்தி திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும், மாத்தாளில் அதுதான் வழக்கம். பத்துப் பேரும் வந்த வழியே போனார்கள். குருவம்மாளும் அவர்களோடு போனாள். அவள் அன்றைக்கு அந்தப் பத்தில் ஒருத்தி, அதனால் போனாள். எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொந்தத் தோட்டத்தை விட்டுவிட்டு ஒரு பொம்பளை அப்படிப் போகலாமா?

அப்புறம் நான் தனியாக உட்கார்ந்து கெல்லினேன். ஒரு பாரை முடித்துத் திரும்பினால் பின்னால் முளைத்திருக்கும். முழங்கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. சாயங்காலம் குருவம்மாள் மற்ற தோட்டங்களில் வேலை முடித்துவிட்டு வந்து என் பக்கத்துப் பாரில் உட்காருவாள். இருட்டும் வரை இரண்டு கொத்தும் மண்ணில் படுகிற சத்தம்தான். இடையில் நல்ல மழை ஒன்று பெய்தது. மறுவாரம் மேலிருந்து நாலு பார் பச்சையாகிவிட்டது. கிழங்குச் செடி எது, களை எது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, மருந்துதான் கதி என்று கொடைக்கானலுக்கே போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். உள்ளூர்க் கடைக்காரனிடம் வாங்க எனக்கு மனசில்லை. வந்து பார்த்தால் முதுகில் மாட்டுகிற டேங்கைக் காணோம்.

"எங்க டேங்கு?"

"மயிலாத்தா வீட்டுல" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

"அங்க எதுக்குக் கொண்டுபோய் வச்ச?"

"நீங்க போகாத வீடு அது ஒண்ணுதான்."

பாட்டில் இன்னமும் அடுப்படிப் பலகையில் இருக்கிறது. மூடியைக்கூடத் திறக்கவில்லை. டேங்கைக் கேட்டு நான் அந்த வாசலில் ஏறுவேனா? அது அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறு வருசம் கூட இருந்தவள் சார்.

முப்பத்தோராம் நாள். காலையில் எழுந்தால் அவளைக் காணோம், மம்பட்டியையும் காணோம். தோட்டத்துக்கு வந்தேன். பத்துப் பேரும் வரப்பில் நிற்கிறார்கள். முதல் ஆளாகக் குருவம்மாள். மேல்பக்கம் மயிலாத்தாள். இந்த முனையில் ஆறேழடி தூரம் அதற்குள் வெட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருசத்துச் சாட்சி கூடைகூடையாகப் பாறைக்குப் போகிறது.

கத்தினேன். ஒருத்தியும் நிமிரவில்லை. குருவம்மாளின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் மம்பட்டியை ஊன்றி நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்தஞ்சுக்கு இன்னும் பதினாலு நாளு இருக்கு. வெலகுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கையை இழுத்துக்கொண்டேன். நேராகப் போய் வரப்பின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். என்னை வெட்டிவிட்டு வரப்பை வெட்டுங்கள் என்றேன். நிறுத்துவார்கள் என்றுதான் நினைத்தேன்.

நிறுத்தவில்லை. நான் உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போனார்கள். "மாமா உக்காந்த எடத்துல இருக்குற புளியாரையாவது பத்திரமா இருக்கட்டும்" என்றாள் பேச்சி. "தண்ணி ஊத்திட்டுப் போவோமா?" என்றாள் இன்னொருத்தி. டீ வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். குடித்தேன். டீயில் என்ன பகை? வெயில் ஏறியது. ஒரு பாய் அகலத்துக்கு வரப்பு, அதன் மேல் நான். மற்றதெல்லாம் தரைமட்டம். ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் எழுந்தேன். திரும்பி வந்தபோது அந்த இடமும் இல்லை.

அப்போதுதான் குருவம்மாளின் மம்பட்டி எதிலோ மோதியது. கல். மண்ணைத் தள்ளினாள். எல்லைக்கல். தலையில் வெட்டின குறி அப்படியே இருக்கிறது. எங்கே தெரியுமா? மேல்பக்கம். வரப்பின் என் பக்க விளிம்பிலிருந்து ஒன்றரை அடி அவன் பக்கம். நான் பன்னிரண்டு வருசமாகச் சொன்ன அதே ஒன்றரை அடி. ஒரு விரக்கடைகூடக் கூடவோ குறையவோ இல்லை.

யாரோ போய்ப் பொன்னுக்காளையைக் கூட்டி வந்தார்கள். நான் அந்த ஒரு நிமிசத்துக்காகப் பன்னிரண்டு வருசம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன் சார். அவன் இல்லை என்பான், கல்லை நீதான் புதைத்தாய் என்பான், அதற்கு என்ன சொல்ல வேண்டும், அதற்கு அவன் என்ன சொல்வான், எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் வந்தான். குனிந்து கல்லைப் பார்த்தான். மண்ணைத் துடைத்தான். தலையைச் சொறிந்தான்.

"அட ஆமா. நீங்க சொன்னதுதான் சரிண்ணே. மண்ணு மூடியிருக்கு. எடுத்துக்கங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீட்டில் கறவைக்கு நேரமாகிவிட்டதாம்.

எடுத்துக்கங்க. அவ்வளவுதானா? பன்னிரண்டு வருசம் கல்யாணம், காது குத்து எதிலும் ஒரு பந்தியில் உட்காராமல் இருந்தேன். அவன் அப்பா, என் சித்தப்பா, செத்தபோது தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு சண்டையாவது போட வேண்டாமா அவன்? நான் அங்கேயே நின்றேன். பொம்பளைகள் கல்லின் கோட்டில் புது வரப்பை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டு நாளில் என் தோட்டம் முழுக்கக் கொத்திவிட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைப்பு. இப்போது பாருங்கள், இலை மூடிவிட்டது. உள்ளே புளியாரை இருந்தாலும் வெளுத்துப்போய்த்தான் கிடக்கும். கிழங்கு நன்றாக இறங்கியிருக்கிறது என்கிறார்கள். நேற்று ஒரு செடியின் அடியைக் கையால் நோண்டிப் பார்த்தேன், முட்டை அளவு இருக்கிறது. மருந்து ஒரே தடவைதான். அதுவும் பாரின் தலையில் மட்டும். அந்தப் பொண்ணுக்கு ஏதோ அதிர்ஷ்டம்.

ஆனால் இந்த ஒன்றரை அடி இருக்கிறதே. பழைய வரப்பு இருந்த இடம், அதனால் இருக்கிறதிலேயே குமிழ் இங்கேதான். ஒரு மம்பட்டி ஆழம் எடுத்தும் அடியில் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, குட்டி வைப்பதற்கு முன்னால் தாயைக் கெல்லி எடுக்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு இதில் கிழங்கு நடக் கூடாதாம், சும்மா கெல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மருந்தும் கூடாதாம், இலைதான் கருகும், குமிழ் கேட்காது என்று அந்தப் பொண்ணு சொல்லிவிட்டது. குருவம்மாளிடம் மாத்தாளைக் கூட்டி வா என்றேன்.

"தோட்டத்துக்குத்தான் மாத்தாளு. இது நீங்க கேட்டு வாங்குன எடம். நீங்க பாருங்க" என்றாள். "ஒரு குமிழு தோட்டத்துக்குள்ள எறங்குச்சுன்னா அடுத்த வருசம் எங்கண்ணன் வீட்டுக்கு விதை கேட்டு நீங்க போங்க."

நான் போவேனா? அவள் அண்ணனோடும் எனக்குப் பேச்சு இல்லை, அது வேறு விசயம். ஆகவே விட முடியாது சார். ஒரு மழை போதும், எல்லாம் கீழே இறங்கிவிடும். எனக்கு எழுபத்தொரு வயசு. பொன்னுக்காளை இதெல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறான். களை நிறைந்த இடம் என்று தெரிந்து, மறுவார்த்தை பேசாமல் என் தலையில் கட்டிவிட்டான். ஊர் அவனைப் பெருந்தன்மைக்காரன் என்கிறது. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மேலே சிரிப்புக் கேட்கிறதா? இன்றைக்கு மாத்தாள் பொன்னுக்காளை தோட்டத்தில். அவன் பிந்தி நட்டவன், இப்போதுதான் இரண்டாம் கொத்து. சாப்பாட்டு நேரம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சைச் சேலை, தலையில் துண்டு, அதுதான் குருவம்மாள். என் தூக்குவாளியும் அவளிடம்தான் இருக்கிறது. காலையில் நான் எழுவதற்கு முன்னால் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பசித்தால் மேலே வாங்க என்று பேச்சியிடம் சொல்லி அனுப்பினாள். பன்னிரண்டு பேருக்குப் பானை நிறையக் குழம்பு வைத்திருக்கிறார்களாம். புது வரப்பைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போதும். அது அவன் நிலம், நான் எப்படிக் கால் வைப்பேன்?

உங்கள் டிரைவர் வர இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் மேலே போய் அந்தப் பச்சைச் சேலையிடம் தூக்குவாளியை வாங்கி வர முடியுமா சார்? நீங்களாகக் கேட்டு வந்த மாதிரி இருக்கட்டும். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.